பனிக்கட்டி தொடங்கும் இடம்

(திருகோணமலையில் உயர்தர வகுப்பு மாணவர்களும் ஆசிரியர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே,

பனிக்கட்டியைப் பற்றிப் பேசுவதற்குத் திருகோணமலையைப் போலப் பொருந்தாத ஊர் வேறில்லை என்று வரும் வழியில் ஒரு நண்பர் கேலி செய்தார். அவர் இங்குள்ள கொட்பே மீன்பிடித் துறைமுகத்தை மறந்துவிட்டார் போலும். பலநாட் படகுகள் எண்ணெயும் நீரும் ஏற்றுவதைப் போலவே ஐஸையும் ஏற்றிக்கொண்டுதான் ஆழ்கடலுக்குப் புறப்படுகின்றன.

ஐஸ் தொழிற்சாலையில், குளிரூட்டிய உப்புநீர்த் தொட்டிக்குள் இறக்கப்பட்ட தகர அச்சுகளில் நன்னீர் உறைவதைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். கட்டி சுவரிலிருந்து உள்நோக்கி வளர்கிறது. நீரில் கரைந்திருந்த காற்று ஒதுங்கி ஒதுங்கிக் கடைசியில் நடுவே வெண்மையாகச் சிறைப்படுகிறது. வெப்பம் சுவர் வழியே வெளியேறுவதால் அப்படி நிகழ்கிறது என்பீர்கள். சரிதான், ஆனால் அது பாதி விடையே. சுவர் குளிரைக் கொடுப்பதோடு, உறைதல் தொடங்குவதற்கு ஓர் இடத்தையும் கொடுக்கிறது. இன்று நான் பேச வந்தது அந்த இடத்தைப் பற்றித்தான்.

0 பாகை செல்சியசில் நீர் உறையும் என்று நாம் பாடசாலையில் படித்தோம். உண்மையில் அது பனிக்கட்டி உருகும் வெப்பநிலை. நீர் கட்டாயம் உறைந்தே ஆகவேண்டிய வெப்பநிலை அன்று. கண்ணாடிக் குமிழில் அடைத்து வைத்த மழைநீர் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பின்னும் நீராகவே கிடந்ததைக் கண்ட பரனைற்று (வெப்பநிலை அளவுமுறை ஒன்றுக்குப் பெயர் தந்தவர்), அதை 1724ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். தூசும் அழுக்கும் இல்லாத மிகச்சிறிய நீர்த்துளிகளை ஏறத்தாழ −38 பாகை வரை திரவமாகவே கொண்டுபோக முடியும்.

ஏன் இந்தத் தயக்கம்? நீர் மூலக்கூறு ஒவ்வொன்றும் அயலிலுள்ள நான்கு மூலக்கூறுகளுடன் ஐதரசன் பிணைப்பால் கைகோக்க வல்லது. திரவத்தில் அந்தக் கைகள் ஒரு செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவிலான நேரத்துக்குள் விடுபட்டு வேறு கைகளைப் பற்றுகின்றன. பனிக்கட்டியிலோ ஒட்சிசன் அணுக்கள் 0.276 நனோமீற்றர் இடைவெளியில் அறுகோண வலையாக நிலைத்து நிற்கின்றன. திரவத்தினுள்ளே அங்குமிங்கும் சிறு பனிக்கட்டித் துணுக்குகள் தோன்றிக்கொண்டே இருந்தாலும், துணுக்கு சிறிதாக இருக்கும்வரை அதன் மேற்பரப்பை உண்டாக்கச் செலவாகும் சக்தி, அதன் உட்புறம் உறைவதால் கிடைக்கும் இலாபத்தை விழுங்கிவிடுகிறது; ஆகவே அது கரைந்துபோகிறது. ஒரு குறித்த பருமனைத் தாண்டிய துணுக்கு மட்டுமே கருவாகப் பிழைத்து வளரும். கணக்குப் போட்டுப் பார்த்தால், −20 பாகையில் அந்தக் கருவுக்குச் சில ஆயிரம் மூலக்கூறுகள் போதும். −5 பாகையிலோ ஒரு இலட்சத்துக்கு மேல் வேண்டும். இத்தனை மூலக்கூறுகள் தற்செயலாக ஒழுங்காகக் கூடுவது நடவாத காரியம். ஒரு திண்மப் பரப்பில் கரு ஒட்டிக்கொண்டு தோன்றினால் செலவாகும் சக்தி குறைகிறது. இயற்கையில் நாம் காணும் ஐஸ் பெரும்பாலும் அவ்வாறு பிறந்ததே.

எந்தப் பரப்பு நன்றாக உதவும்? புள்ளிக்கோலத்தை நினைத்துப் பாருங்கள். புள்ளிகளைச் சரியான இடைவெளியில் முன்கூட்டியே வைத்துவிட்டால், கோடு தன் வழியைத் தானே கண்டுகொள்கிறது. 1946இல் அமெரிக்காவில் பேர்ணாட் வொனகற் என்ற விஞ்ஞானி, பனிக்கட்டியின் அணு இடைவெளிக்கு மிக நெருங்கிய பளிங்கு (அணுக்கள் ஒழுங்காக அடுக்கிய திண்மம்) எது என்று அட்டவணைகளில் தேடி, வெள்ளி அயடைட்டைக் கண்டெடுத்தார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1.5 சதவீதமே. அதன் பொடி −5 பாகையளவிலேயே நீரை உறையச் செய்தது. செயற்கை மழைக்காக முகிலில் தூவும் வழக்கமும் அதிலிருந்து பிறந்தது.

அழகான விளக்கம். அழகாக இருந்ததனாலேயே, என் கருத்தில், அது தேவைக்கு அதிகமான காலம் பாடநூல்களில் தங்கிவிட்டது. பேரியம் புளோரைட்டு என்ற பளிங்கின் ஒரு முகத்தில் புள்ளிகள் பனிக்கட்டியுடன் நன்றாகவே பொருந்துகின்றன. ஆயினும் நீரை உறைவிப்பதில் அது மிக மந்தமானது.

அணுக்களைத் தடவிப் பார்ப்பதுபோல் படம் பிடிக்கும் ஊடுபுழை நுணுக்குக்காட்டியைப் பின்னிக், ரோரர் என்ற இரு விஞ்ஞானிகள் 1981இல் உருவாக்கிய பிறகு, பரப்பில் படியும் முதலாவது நீர்ப்படையை (நீர் அடுக்கை) நேரே பார்க்க முடிந்தது. செப்பின் ஒரு முகத்தில் நீர் அறுகோணமாக அல்லாமல் ஐங்கோணங்களின் சங்கிலியாகப் படிகிறது என்று 2009இல் காட்டினார்கள். அடுத்த ஆண்டு பிளாற்றினத்தின் மேல் ஐங்கோணமும் அறுகோணமும் எழுகோணமும் கலந்த படை தெரிந்தது. உலோகம் தன்பக்கம் இழுக்கிறது, அயல் மூலக்கூறு தன்பக்கம் இழுக்கிறது. இரண்டுக்கும் இடையே ஓர் உடன்படிக்கையாகவே முதலாவது படை அமைகிறது. இதில் எனக்கு மிகவும் வியப்பூட்டியது 2005இல் வந்த ஒரு முடிவு. பிளாற்றினத்தின் மேல் படிந்த முதலாவது படையில் மூலக்கூறுகளின் கைகள் எல்லாம் உலோகத்திடமும் அயலாரிடமும் பிடிபட்டுவிடுவதால், மேலே நீட்டுவதற்குக் கை மிஞ்சுவதில்லை. ஆகவே அடுத்து வரும் நீர் அதன் மேல் பரவாமல், சேம்பிலையில் விழுந்ததுபோல் திரண்டு நிற்கிறது. நீரை ஏற்காத அந்தப் பரப்பும் நீராலேயே ஆனது! இறுகப் பற்றும் பரப்புத்தான் நன்றாக உறைவிக்கும் என்ற எண்ணம் இங்கே அடிபட்டுப்போகிறது.

இனி நம் தலைக்கு மேலே வருவோம். மாரிகாலத்தில் இந்தக் கடற்கரையில் திரளும் இடிமுகில்களில் ஏறத்தாழ 5 கிலோமீற்றர் உயரத்துக்கு மேல் வெப்பநிலை 0 பாகைக்குக் கீழே போகிறது. அங்கேயும் துளிகள் உறையாமல் காத்திருக்கின்றன. அத்தகைய துளிகளை உறையச் செய்யும் தூசுகளில் பொற்றாசியம் கலந்த பெல்ஸ்பார் முதன்மையானது என்று 2013இல் கண்டறிந்தார்கள். மாத்தளைப் பகுதியில் தோண்டி எடுத்து மட்பாண்டத் தொழிலுக்கு அனுப்புகிறோமே, அந்தக் கனிமந்தான். அதன் பரப்பு முழுவதும் வேலை செய்வதில்லை. வெடிப்புகளிலும் படிவிளிம்புகளிலும் வெளித்தெரியும் ஒரு குறித்த முகத்தின் சிறு திட்டுகளிலேயே பனிக்கட்டி முளைப்பதை 2017இல் படம் பிடித்தார்கள். உயிரினங்களிலும் இந்த வித்தை உண்டு. சூடோமோனசு சிரிங்கே என்ற பற்றீரியா, தன் புறத்தேயுள்ள ஒரு புரதத்தைக் கொண்டு −2 பாகையிலேயே நீரை உறைவித்துப் பயிர்களைக் கருகச் செய்கிறது.

மீனுக்கு ஐஸ் வைக்கும் ஊரில் பேசுகிறேன். ஆகவே ஐஸை ஏற்க மறுக்கும் மீனையும் சொல்லவேண்டும். அந்தாட்டிக்காவின் கடல்நீர் −1.9 பாகை வரை குளிர்கிறது. அங்குள்ள சில மீன்களின் இரத்தத்தில், சர்க்கரை இணைந்த புரதங்கள் இருப்பதை ஆதர் டெவ்ரீசு என்ற விஞ்ஞானி 1960களின் இறுதியில் கண்டுபிடித்தார். மீனின் உடலுக்குள் நுழைந்துவிட்ட நுண்ணிய பளிங்கின் பரப்பில் அவை ஆங்காங்கே ஒட்டிக்கொள்கின்றன. அவற்றுக்கு இடைப்பட்ட பனிக்கட்டி மட்டும் சற்றுப் புடைக்கிறது. அந்த வளைவின் மேல் வந்து சேரும் மூலக்கூறுக்கு அங்கே தங்குவதில் இலாபம் இல்லாததால், அது திரும்பவும் நீருக்குள் போய்விடுகிறது.