பெங்கால்: ஒரு கண்ணிவாரிக் கப்பலின் கதை

அவைத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற கடற்படை வீரர்களே, மழையிலும் நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்தும் நூலக நண்பர்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய பெரியவருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். பெங்கால் கப்பல் பிறந்தது, சண்டை போட்டது, கடைசியில் என்ன ஆனது.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். கண்ணிவாரிக் கப்பலும் அப்படித்தான். நீருக்குள் கம்பியை இழுத்துப் போய், கண்ணிவெடியைக் கட்டியிருக்கும் வடத்தை அறுத்து, மேலே மிதந்து வருவதைச் சுட்டு அழிக்கும். அது ஒழுங்காக வேலை பார்த்தால் துறைமுகத்தில் ஒன்றுமே நடக்காது. அதனால்தான் அதன் பெயர் யாருக்கும் தெரிவதில்லை.

பெங்கால் சிட்னியில் கட்டப்பட்டது. 1942 ஆகஸ்டில் நம் கடற்படையில் சேர்ந்தது. சரி, சண்டைக்கு வருகிறேன்.

1942 நவம்பர் 11. இரண்டாம் உலகப் போர் நடக்கிறது. இந்தியப் பெருங்கடலில், கோகோஸ் தீவுகளுக்கு அப்பால் நடுக்கடல். பெங்காலின் காவலில் ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பல் வருகிறது. எதிரே இரண்டு ஜப்பானியப் போர்க்கப்பல்கள், ஹோகோகு மாரு, ஐகோகு மாரு. ஒவ்வொன்றும் 10,000 டன்னுக்கு மேல். பெங்காலோ ஏறக்குறைய 650 டன், பேருக்கு ஒரு பீரங்கி. கேப்டன் வில்சன் என்ன செய்தார் தெரியுமா? ஒண்டினாவைத் தப்பிப் போகச் சொல்லிவிட்டு, நேராக எதிரியை நோக்கித் திருப்பினார்! ஒண்டினாவும் ஓடவில்லை. நின்று சுட்டது. குண்டு ஒன்று ஹோகோகு மாருவின் டார்பிடோக்களில் பட்டு, அந்தப் பெரிய கப்பல் வெடித்து மூழ்கியது. பெங்காலில் குண்டு தீரும் நிலை. புகைத்திரைக்குள் விலகிப் போனது. ஒண்டினாவின் கேப்டன் ஹோர்ஸ்மன் உயிரிழந்தார். டார்பிடோ பட்டும் கப்பல் மூழ்கவில்லை. படகில் இறங்கிய மாலுமிகள் திரும்ப ஏறித் தீயணைத்து, ஒரு வாரத்தில் ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் துறைமுகத்துக்குக் கொண்டு சேர்த்தார்கள். ஒண்டினா மூழ்கிவிட்டது என்றே பெங்காலில் இருந்தவர்கள் நினைத்திருந்தார்கள்!

அந்த பெங்கால் இன்று எங்கே? 1960-இல் உடைத்துவிட்டார்கள். அதே போரில் மரக்கிளைகளைப் போர்த்தித் தீவுபோல வேடமிட்டுத் தப்பிய ஆபிரகாம் கிரைன்சன் என்ற டச்சுக் கண்ணிவாரிக் கப்பலை நெதர்லாந்தின் டென் ஹெல்டரில் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் ஏறிப் பார்க்கிறார்கள். நம்மிடம் விசாகப்பட்டினத்தில் குர்சுரா நீர்மூழ்கி இருக்கிறது. அதுபோல் இன்னும் வேண்டாமா? பழைய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தையே 2014-இல் உடைக்கக் கொடுத்தோமே! நிழலின் அருமை வெயிலில் தெரியும், ஐயா. பணி முடியும் கப்பல்களில் ஒன்றையாவது, வேண்டாம், மணியையும் பெயர்ப்பலகையையுமாவது காப்பாற்றக் கோரும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனாவும் வைத்திருக்கிறோம்.