பீட்டர் பிரவுன்: ஒரு வரலாற்றாசிரியரின் நீண்ட பயணம்

வணக்கம் நேயர்களே. ரோமப் பேரரசைப் பற்றிப் பள்ளியில் என்ன படித்தோம்? 476 ஆம் ஆண்டு மேற்கு ரோமப் பேரரசு வீழ்ந்தது, அதன் பிறகு ஐரோப்பாவுக்கு இருண்ட காலம். பரீட்சையிலும் அப்படித்தான் எழுதினோம், மதிப்பெண்ணும் வாங்கினோம். அந்த இருட்டுக்குள் துணிந்து நுழைந்து, அங்கே எத்தனை உயிர்ப்பான வாழ்க்கை நடந்தது என்று காட்டியவர் பீட்டர் பிரவுன். அவருடைய நூல்களைப் பல ஆண்டுகளாக மாணவர்களோடு சேர்ந்து வாசித்து வருகிறேன்.

அவர் 1935 இல் டப்ளினில் பிறந்தார். கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் அயர்லாந்தில் அவருடையது புரோட்டஸ்டன்ட் குடும்பம். தந்தை சூடான் ரயில்வேயில் பணியாற்றியவர். ஆக்ஸ்போர்டில் படித்த பிரவுனுக்கு 1956 இல் அங்குள்ள ஆல் சோல்ஸ் கல்லூரியில் ஆய்வாளர் இடம் கிடைத்தது. முனைவர் பட்டம் அவர் வாங்கவே இல்லை. இதைச் சொன்னால் என் மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள்!

1967 இல் கிறிஸ்தவச் சிந்தனையாளரான புனித அகுஸ்தினாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அகுஸ்தினார் இன்றைய அல்ஜீரியாவில் 354 இல் பிறந்தவர். ஹிப்போ என்ற துறைமுக நகரின் ஆயர், அதாவது பிஷப். 430 இல் வண்டல்கள் (Vandals) என்ற ஜெர்மானிய இனத்தார் நகரை முற்றுகையிட்டிருந்தபோது அங்கேயே இறந்தார். பிரவுனின் நூல் இளமைக்கால அகுஸ்தினாரை மிகுந்த பரிவோடு காட்டியது. முதுமைக்கால ஆயரோ அதில் கண்டிப்பானவராக, அதிகாரம் செலுத்துபவராகத் தெரிந்தார்.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, சற்று விரிவாகவே சொல்கிறேன். 1975 இல் யோகன்னஸ் டிவ்யாக் என்ற ஆய்வாளர் அகுஸ்தினாரின் கையெழுத்துப் படிகளைப் பட்டியலிடும் வேலையில் இருந்தார். அப்போது பிரான்சின் மார்சேய் நகர நூலகத்தில், அதுவரை எவரும் அறியாத கடிதங்கள் அவர் கையில் கிடைத்தன. அவற்றில் ஒன்றை அகுஸ்தினார் இத்தாலியில் இருந்த தம் நண்பர் அலிப்பியுசுக்கு எழுதியிருக்கிறார். அடிமை வணிகர்கள் கூலிக் கும்பல்களை ஏவி, தொலைவான கிராமங்களில் இரவில் புகுந்து, சுதந்திரமாக வாழும் மக்களைப் பிடித்துக் கப்பலேற்றுகிறார்கள் என்று அதில் முறையிடுகிறார். ஹிப்போவின் கிறிஸ்தவ மக்களே தலையிட்டு ஏறத்தாழ 120 பேரை மீட்டிருக்கிறார்கள். மீட்கப்பட்ட ஒரு சிறுமியிடம் அகுஸ்தினாரே விசாரிக்கிறார். பெற்றோர் வீட்டிலிருந்தே தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்கிறாள் அவள். சட்டத்தின் துணையைத் தேடும் அதே கடிதத்தில் இன்னொரு கவலையும் இருக்கிறது. அந்தச் சட்டம் குற்றவாளிக்கு ஈயக்குண்டு கட்டிய சாட்டையால் அடி என்கிறது. அந்த அடியில் உயிரே போய்விடுமே என்று தயங்குகிறார் ஆயர். எழுதும்போது அவருக்கு எழுபது வயதை ஒட்டி இருக்கும். சாட்டையடி வாங்கவேண்டிய கயவனின் உயிருக்காகவும் அந்த முதியவர் கவலைப்பட்டிருக்கிறார், நேயர்களே!

1990 இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில், பிரான்சுவா டோல்போ என்பவர் அகுஸ்தினாரின் மறந்துபோன மறையுரைகளையும் கண்டுபிடித்தார். இவற்றையெல்லாம் வாசித்த பிரவுன், 2000 இல் தம் நூலின் புதிய பதிப்பில் இரண்டு இயல்களைச் சேர்த்தார். முதுமைக்கால அகுஸ்தினாரைப் பற்றித் தாம் முன்பு எழுதியது அளவுக்கு மீறிய கடுமை என்று அவற்றில் ஒப்புக்கொண்டார். பழைய பக்கங்களைத் திருத்தி மறைக்கவில்லை. மறுபடியும் சொல்கிறேன், பழைய பக்கங்கள் அப்படியே இருக்கின்றன. முப்பது வயதுக்காரரின் தீர்ப்பும் அறுபதைக் கடந்தவரின் மறுபரிசீலனையும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. அறிஞர்களிடம் நான் முதலில் தேடுவது இந்த நேர்மையைத்தான்.

1971 இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று துறவிகளைப் பற்றியது. சிரியாவில் சிமியோன் என்ற துறவி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தூண் ஒன்றின் உச்சியிலேயே வாழ்ந்து 459 இல் இறந்தார். மக்கள் ஏன் அவரைத் தேடிப் போனார்கள்? பக்தி மட்டும் காரணமில்லை என்றார் பிரவுன். கடன், நிலம், வரி என்று ஊரில் எந்த வழக்கு வந்தாலும் எந்தக் குடும்பத்தையும் சாராத ஒருவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. உறவும் சொத்தும் இல்லாத துறவியை இரு தரப்பும் நம்பின. இதைப் படித்த பிறகு அந்தத் தூணை வேடிக்கைப் பொருளாக என்னால் பார்க்க முடியவில்லை.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். லண்டன், பெர்க்லி, பிறகு 1986 முதல் 2011 வரை பிரின்ஸ்டன் என அவர் பாடம் நடத்திய இடங்களைப் பற்றியும், ஆதித் திருச்சபையும் செல்வமும் பற்றி 2012 இல் அவர் எழுதிய பெரிய நூலைப் பற்றியும் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். 2008 இல் மானுடவியல் துறைகளுக்கான அமெரிக்காவின் குளூகே பரிசை அவர் நம் இந்திய வரலாற்றாசிரியர் ரோமிலா தாப்பருடன் பகிர்ந்துகொண்டார் என்பதை மட்டுமாவது சொல்லிவிடுகிறேன். பிரவுனை வாசிக்க விரும்புகிறவர்கள் 1971 இல் வந்த ‘The World of Late Antiquity’ என்ற அவருடைய சிறிய நூலிலிருந்து தொடங்கலாம். ஏறத்தாழ கி.பி. 150 முதல் 750 வரையிலான காலத்தைச் சொல்கிறது, நிறையப் படங்களும் உண்டு. நன்றி, வணக்கம்.