கம்போ: மாவு கருகுவதற்குக் கொஞ்சம் முன்னால்

[காட்சி: சூப்பர் மார்க்கெட் அலமாரி. சிவப்புப் பொடி டப்பாக்கள்.]

‘கேஜன் மசாலா’ என்று ஒரு சிவப்புப் பொடி இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. சிப்ஸ் மேல் தூவுகிறார்கள், பன்னீரில் தடவுகிறார்கள், காபி ஷாப்பில் உருளைக்கிழங்கு வறுவலுக்கும் அந்தப் பெயர்தான். அதனால் கேஜன் சமையல் என்றாலே காரம் என்று நமக்குள் ஒரு நினைப்பு ஊறிவிட்டது.

ஆனால் அமெரிக்காவின் தெற்குக் கோடியில், லூசியானாவில், ஒரு கேஜன் வீட்டு அடுப்பில் இருக்கும் பானையைத் திறந்து பார்த்தால் அதில் சிவப்பே இருக்காது. கரும்பழுப்பு நிறத்தில், புகை வாசனையோடு ஒரு குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். அதுதான் கம்போ. அதன் ருசி மிளகாயில் இல்லை, எண்ணெயில் வறுபட்ட மைதா மாவில் இருக்கிறது.

இன்றைக்கு சிக்கனும் சாஸேஜும் போட்ட கம்போ செய்கிறோம். வீடியோவில் பாதி நேரம் மாவு வறுப்பதிலேயே போகும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

[காட்சி: வரைபடம். கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து லூசியானா வரை ஒரு கோடு.]

முதலில் இந்த கேஜன்கள் யார்? இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பக்கம், அக்கேடியா என்ற பகுதியில் பிரெஞ்சு விவசாயிகள் குடியிருந்தார்கள். 1755-ல் பிரிட்டிஷார் அவர்களை நிலத்திலிருந்து பெயர்த்துக் கப்பலேற்றிவிட்டார்கள். எங்கெங்கோ அலைந்த அந்தக் குடும்பங்கள் 1760-களின் நடுவிலிருந்து லூசியானாவுக்கு வரத் தொடங்கின. 1785-ல் மட்டும் பிரான்ஸிலிருந்து ஏழு கப்பல்களில் சுமார் 1,600 பேர் வந்து இறங்கினார்கள். அக்கேடியன் என்பதுதான் வாய்வழக்கில் கேஜன் ஆனது.

வந்த இடம் வெக்கையும் சதுப்பு நிலமுமான ஊர். பழைய ஊர்க் கோதுமைப் பழக்கம் அங்கே செல்லாது, நெல் விளையும். வெண்டைக்காய் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களோடு வந்திருந்தது. காட்டு மரத்து இலையைக் காயவைத்துப் பொடிக்கும் வழக்கம் அந்த மண்ணின் சாக்டா பழங்குடியினரிடம் இருந்தது. மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஜெர்மானியர்கள் குடியேறியிருந்தார்கள். இவர்கள் எல்லோருடைய கையும் கம்போ பானைக்குள் இருக்கிறது. ஆகவே இதைக் கேஜன்களின் தனிச் சொத்து என்று சொல்ல எனக்கு மனம் வராது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கிரியோல் மக்களுக்கும், அதாவது பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க வழிவந்த பழங்குடும்பங்களுக்கும், இது உயிரான சாப்பாடு. அங்கே டூக்கி சேஸ் உணவகத்தை நடத்திய லியா சேஸ், 2019-ல் தன் 96-வது வயதில் இறந்தார். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று அவர் செய்த கீரை கம்போ ஊர் முழுக்கப் பேர் போனது. கீரை கம்போ என்றதும் சைவம் என்று நினைத்துவிடாதீர்கள், அதில் இறைச்சியும் உண்டு!

அப்படியென்றால் அந்தச் சிவப்புப் பொடி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஒரே மனிதரிடமிருந்து. பால் ப்ருடோம், 1940-ல் ஓப்பலூசஸ் ஊரில் பதின்மூன்று பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். 1979-ல் நியூ ஆர்லியன்ஸில் சொந்த உணவகம் திறந்தார். மீனை வெண்ணெயில் தோய்த்து, மசாலாவில் புரட்டி, புகை பறக்கும் இரும்புச் சட்டியில் கருக்க வறுக்கும் பதம் அவருடையது. 1980-களில் அது நாடு முழுக்கப் பித்தாகப் பரவியது. ரெட்ஃபிஷ் என்ற அந்த மீனுக்கு வந்த கிராக்கியில், மெக்சிகோ வளைகுடாவில் மத்திய அரசின் எல்லைக்குட்பட்ட கடலில் அதை வணிகத்துக்குப் பிடிக்கவே தடை போட வேண்டியதாயிற்று. உலகம் கேஜன் என்று தெரிந்துகொண்டது அந்த மசாலாவைத்தான். வீட்டுச் சமையல் வேறு.

சரி, அடுப்புக்குப் போவோம்.

[காட்சி: மேடையில் பொருட்கள்.]

ஆறேழு பேருக்கு அளவு சொல்கிறேன். முக்கால் கப் மைதா, முக்கால் கப் எண்ணெய். தோல் நீக்கிய, எலும்போடு இருக்கும் கோழித் தொடை ஒரு கிலோ. புகைபோட்ட சாஸேஜ் 350 கிராம். பெரிய வெங்காயம் இரண்டு, பச்சைக் குடைமிளகாய் ஒன்று, செலரித் தண்டு மூன்று, பூண்டு ஐந்தாறு பல். கோழி எலும்பு வேகவைத்த தண்ணீர் இரண்டு லிட்டர். தைம் என்ற காய்ந்த மூலிகை இலை ஒரு டீஸ்பூன், மிளகுத்தூள் ஒரு டீஸ்பூன், மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன். ஆமாம், அரைதான்.

லூசியானாவில் இதற்குப் போடுவது ஆண்டூயி என்ற பன்றி இறைச்சி சாஸேஜ். மரப்புகையில் நன்றாக வாட்டியது. லாப்லாஸ் என்ற ஊர் தன்னை ஆண்டூயியின் தலைநகர் என்றே சொல்லிக்கொள்கிறது. அது கிடைக்காவிட்டால், பன்றி சாப்பிடாவிட்டால், புகைபோட்ட சிக்கன் சாஸேஜ் போதும். நமக்கு வேண்டியது அந்தப் புகை. வெறும் சாஸேஜ்தான் அகப்பட்டது என்றால் புகைபோட்ட பாப்ரிகா தூள் அரை டீஸ்பூன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாஸேஜை வில்லைகளாக நறுக்கி, அடிகனமான பாத்திரத்தில் சிவக்க வறுத்து எடுத்துவிடுங்கள். உப்பும் மிளகும் தடவிய கோழியையும் அதே பாத்திரத்தில் இரு புறமும் நிறம் மாறும்வரை திருப்பி, எடுத்து வையுங்கள். உள்ளே வேக வேண்டியதில்லை. அடியில் ஒட்டியது தீய்ந்திருந்தால் பாத்திரத்தைக் கழுவிவிடுங்கள், சோம்பல் வேண்டாம். அந்தக் கருப்புத் துகள் ஒன்று இரண்டு இருந்தால்கூட அடுத்த வேலை கெட்டுவிடும்.

[காட்சி: நெருக்கத்தில் பாத்திரம். எண்ணெயில் மாவு விழுகிறது. இனி கேமரா நகராது.]

இதற்குப் பெயர் ரூ. எண்ணெய் சுட்டதும் மாவைக் கொட்டி, தட்டையான விளிம்புள்ள மரக்கரண்டியால் கிண்டத் தொடங்குங்கள். தீ மிதமாக இருக்கட்டும். வெண்ணெய் வேண்டாம், அதிலுள்ள பால்சத்து நமக்கு வேண்டிய நிறம் வருவதற்கு முன்பே தீய்ந்துவிடும்.

முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். வெள்ளைக் கூழ், லேசாக நுரைக்கும். பத்து நிமிடத்தில் சந்தன நிறம். சிங்கி இறாலைப் போன்ற கிராஃபிஷ் போட்டுச் செய்யும் எட்டூஃபே என்ற குழம்புக்கு இந்தப் பக்கத்திலேயே நிறுத்திவிடுவார்கள். நாம் இன்னும் போக வேண்டும். இருபது நிமிடம் தாண்டும்போது வேர்க்கடலை வெண்ணெயின் நிறம். அந்தக் கட்டத்தில் கெட்டியாக இருந்த கூழ் திடீரென்று இளகி, கரண்டியிலிருந்து சரசரவென்று வழியும். பயந்து மாவு சேர்த்துவிடாதீர்கள். அது அப்படித்தான் இளகும்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன், இந்தக் குழம்பின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. மாவில் இருப்பது ஸ்டார்ச். அந்த நீண்ட சங்கிலிகள் தண்ணீரை உறிஞ்சி ஊதித்தான் குழம்பு கெட்டிப்படுகிறது. அதிகச் சூட்டில் வறுக்க வறுக்க அந்தச் சங்கிலிகள் துண்டு துண்டாக உடைகின்றன. உடைந்தவற்றால் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாது. அதே நேரத்தில் மாவிலுள்ள புரதமும் சர்க்கரையும் சூட்டில் வினைபுரிந்து, வறுத்த வாசனையும் அந்த நிறமும் உண்டாகின்றன. அதாவது ருசி ஏற ஏற, கெட்டிப்படுத்தும் சக்தி இறங்கும். வெள்ளை ரூ குழம்பைக் கெட்டியாக்கும், ஆனால் அதற்கு ருசி கிடையாது. கருத்த ரூவில் ருசி இருக்கும், குழம்பு நீர்க்க நிற்கும். கம்போ செய்கிறவர்கள் தெரிந்தே இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

முப்பது நிமிடத்தில் பழைய செப்புக் காசு நிறம். வாசனை இப்போது மாறும், வறுத்த கடலையிலிருந்து காபிக்கொட்டை பக்கம் நகரும். நாற்பது, நாற்பத்தைந்து நிமிடத்தில் பால் கலந்த சாக்லேட், அதற்கும் கொஞ்சம் மேலே. இங்கே நான் நிறுத்திவிடுவேன். சிலர் கட்டிச் சாக்லேட் நிறம்வரை துணிவார்கள், அதில் ஒரு கசப்பு ஏறும், அது அவரவர் நாக்கு. கடைசிப் பத்து நிமிடம் போன் அடித்தாலும் எடுக்காதீர்கள், கதவைத் தட்டினாலும் போகாதீர்கள். நிறம் அப்போது ரொம்ப வேகமாக ஓடும். கருப்புப் புள்ளி தெரிந்தால் தீய்ந்துவிட்டது என்று அர்த்தம். வடிகட்டியோ தண்ணீர் ஊற்றியோ அதைக் காப்பாற்ற முடியாது. கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இன்னொரு எச்சரிக்கை. கொதிக்கும் ரூ ஒரு சொட்டு கையில் தெறித்தால் எண்ணெய் மாதிரி வழிந்து போகாது, பசையாக ஒட்டிக்கொண்டு சுடும். குழந்தைகள் அடுப்படியில் நிற்க வேண்டாம்.

கிண்ட நேரமில்லை என்கிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. மாவையும் எண்ணெயையும் கலந்து, மூடாமல் 175 டிகிரி செல்சியஸ் ஓவனில் வைத்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கிளறினால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் நிறம் வந்துவிடும். லூசியானா கடைகளில் பாட்டிலில் அடைத்த ரூகூட விற்கிறது. வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

[காட்சி: வெங்காயம் விழுகிறது. ஆவி எழும்புகிறது.]

நிறம் வந்த உடனே வெங்காயம், குடைமிளகாய், செலரி மூன்றையும் பொடியாக நறுக்கியதைக் கொட்டுங்கள். இந்த மூன்றையும் அங்கே பரிசுத்த மூவர் என்று சொல்கிறார்கள், கத்தோலிக்க ஊர் இல்லையா. பிரெஞ்சு அடுக்களையில் கேரட் இருந்த இடத்தில் இங்கே குடைமிளகாய் உட்கார்ந்திருக்கிறது. காய்கறியின் ஈரம் ரூவின் சூட்டை இறக்கி, மேலும் கருகாமல் தடுக்கிறது. அதனால்தான் ரூ ஆரம்பிக்கும் முன்பே எல்லாவற்றையும் நறுக்கி வைத்துக்கொள்ளச் சொல்வது. சுருண்டு வதங்கியதும் பூண்டு. அப்புறம் வெதுவெதுப்பான எலும்புத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கலக்குங்கள். முதலில் திரிந்த மாதிரி தெரியும், கொதி வந்ததும் சேர்ந்துகொள்ளும்.

சாஸேஜ், தைம், மிளகுத்தூள், மிளகாய்த்தூள் போட்டு, சிறு தீயில் முக்கால் மணி நேரம். பிறகு கோழியைப் போட்டு இன்னொரு முக்கால் மணி நேரம். உப்பைக் கடைசியில் பாருங்கள், சாஸேஜிலேயே நிறைய இருக்கும். பே இலை இரண்டு போடுவார்கள். நம் மளிகைக் கடையில் பிரிஞ்சி இலை என்று கொடுப்பது வேறு மரத்து இலை, அதைப் போட்டால் பானை முழுக்கப் பிரியாணி மணக்கும். சரியான இலை இல்லையென்றால் சும்மா விட்டுவிடுங்கள். தக்காளி? நியூ ஆர்லியன்ஸ் பக்கம் சிலர் போடுவார்கள். இந்தக் கம்போவில் எனக்குப் பிடிக்காது, அத்தனை நேரம் வறுத்த வாசனையைப் புளிப்பு மூடிவிடுகிறது.

கொதிக்கும்போது எண்ணெய் மேலே மிதந்து வரும். ஸ்டார்ச் உடைந்துவிட்டதால் அதைப் பிடித்து வைக்க ஆளில்லை. அகப்பையால் வழித்து எடுத்துவிடுங்கள்.

[காட்சி: வெண்டைக்காய். பக்கத்தில் பச்சை நிறப் பொடி.]

இனி கெட்டிப்படுத்தும் வேலை. நீர்க்கவே பிடிக்கும் என்றால் அப்படியே சாப்பிடலாம், பல கேஜன் வீடுகளில் அப்படித்தான். இல்லையென்றால் இரண்டு வழி. ஒன்று வெண்டைக்காய். நாம் மோரும் புளியும் ஊற்றி எதை விரட்டுகிறோமோ, அந்த வழவழப்புதான் இங்கே தேவைப்படுகிறது. கால் கிலோவை வட்டமாக நறுக்கி, தனியாக எண்ணெயில் பாதி வழவழப்பு போக வதக்கி, கடைசி அரை மணி நேரத்தில் சேருங்கள். இறால், நண்டு போட்ட கம்போவுக்கு இது இன்னும் பொருத்தம். இன்னொன்று ஃபீலே. சாக்டா மக்கள் கொடுத்த, சசஃப்ராஸ் மரத்து இலைப்பொடி. புத்தம்புது வெண்டைக்காய் இல்லாத குளிர்காலத்துக்கு இது. வழக்கமாக இரண்டில் ஒன்றுதான், இரண்டும் சேர்ந்தால் கோந்தாகிவிடும்.

பரிமாறும்போது அகலக் கிண்ணத்தில் ஒரு கரண்டி சோறு, சுற்றிலும் கம்போ, மேலே வெங்காயத்தாள். கேஜன் ஊர்களில் இதே கிண்ணத்துக்குள் ஒரு உருண்டை உருளைக்கிழங்கு சாலடும் விழும். குளிர்ந்த, மயோனைஸ் போட்ட சாலட், கொதிக்கும் குழம்புக்குள். கேட்கும்போது எனக்கும் ஒப்பவில்லை, சாப்பிட்டுப் பார்த்த பிறகு சோற்றைக் குறைத்துக்கொண்டேன்.

மறுநாள் இது இன்னும் நன்றாக இருக்கும் என்பதால் கொஞ்சம் அதிகமாகவே செய்யுங்கள். ஃபீலே வைத்திருந்தால் பானையில் போடாதீர்கள். கொதித்தால் அது நூல் நூலாக இழுக்கும், மறுபடி சூடாக்க முடியாது. சாப்பிடுகிறவர் அவரவர் கிண்ணத்தில் கால் டீஸ்பூன் தூவிக் கலக்கட்டும்.