16-17 ஸ்பேனர்

வணக்கம். கோவையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். சறுக்குமரம், ஊஞ்சல், ஏறி விளையாடும் கம்பிக்கூண்டு என்று பள்ளிக்கூடங்களுக்குச் செய்து கொடுப்பதுதான் தொழில். வானொலியில் பேசப் போகிறேன் என்றதும், "பைப்பு, போல்ட்டுன்னு ஆரம்பிக்காதீங்க, ரேடியோவை நிறுத்திடுவாங்க" என்றாள் என் மனைவி. என்ன செய்ய, எனக்குத் தெரிந்தது அதுதான்.

முதலில் செய்த கூண்டை முழுக்க வெல்டிங் வைத்தே முடித்திருந்தேன். கூண்டு ஏழடி அகலம், கொண்டுபோன பள்ளிக்கூடத்தின் வாசல் ஆறடி. கிரேன் வைத்து மதிலுக்கு மேலே தூக்கி இறக்கினோம், அந்த வேலையில் எனக்கு வரவேண்டிய லாபம் கிரேன்காரருக்குப் போனது. இரண்டு வருஷத்தில் அடிக்கம்பி ஒன்று துருப்பிடித்தது, அந்த ஒரே ஒரு கம்பிக்காக வெல்டிங் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு மறுபடி போனேன். அப்புறம்தான் புத்தி வந்தது: துண்டு துண்டாகச் செய்து, போன இடத்தில் பூட்ட வேண்டும்.

இது புது யோசனை இல்லை. இந்தக் கம்பிக்கூண்டை ஜங்கிள் ஜிம் என்கிறோமே, அதற்கு 1923-இல் காப்புரிமை வாங்கியவர் செபாஸ்டியன் ஹின்டன், சிகாகோவுக்குப் பக்கத்தில் வின்னெட்கா என்ற ஊரில் இருந்த வக்கீல். அவருடைய அப்பா சார்லஸ் ஹோவர்ட் ஹின்டன் கணக்கு வாத்தியார், நான்காவது பரிமாணம் என்ற நினைப்பிலேயே வாழ்ந்தவர். ஜப்பானில் வேலை பார்த்த காலத்தில் மூங்கிலைக் கட்டங்கட்டமாகக் கட்டி ஒரு சட்டம் செய்தார். அவர் மூன்று எண்களைச் சொன்னால், அந்த எண்கள் காட்டும் முனைக்குப் பிள்ளைகள் ஏறிப் போக வேண்டும். பிள்ளைகள் கணக்கைக் கண்டுகொள்ளவே இல்லை, ஏறிக் குதித்து ஆடினார்கள். மகன் மனதில் தங்கியதும் அந்த ஆட்டம்தான். ஒரே கட்டம், அதையே பக்கத்தில் ஒன்று, மேலே ஒன்று என்று அடுக்கிக்கொண்டே போகலாம். எனக்கு வேண்டியிருந்ததும் இதுவே.

சரி, எப்படிச் செய்கிறேன்? பிடிக்கிற கம்பி எல்லாமே ஒரு அங்குல ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். வெளிவிட்டம் ஏறக்குறைய 34 மில்லிமீட்டர், சின்னக் கைக்கு அடங்கும். போல்ட் எல்லாம் 10 மில்லிமீட்டர். நீளத்தில்கூட இரண்டே அளவுதான் வைத்திருக்கிறேன். கடையில் வாங்கும் 10 மில்லிமீட்டர் போல்ட்டின் தலை சிலதில் 16 இருக்கும், சிலதில் 17 இருக்கும், இரண்டுக்கும் 16-17 ஸ்பேனர் ஒன்று போதும். பூட்டப் போகிறவர் என் ஃபிட்டர் இல்லை, பள்ளிக்கூடத்து வாட்ச்மேனும் பி.டி. வாத்தியாரும்தான் என்று நினைத்துக்கொண்டு வரைந்தால் பாதிச் சிக்கல் தானாகவே போய்விடுகிறது.

இனி விருப்பம்போல மாற்றிக்கொள்வது. இதில்தான் நான் சறுக்கினேன். ஆரம்பத்தில் சாரம் கட்டுகிற மாதிரி கிளாம்ப் கொடுத்தேன், கம்பியை எந்த உயரத்திலும் இறுக்கலாம். ஒரு பள்ளியில் போய்ப் பார்த்தால், சின்னப் பிள்ளைகளுக்கு எட்டட்டும் என்று நல்ல மனசோடு கம்பிகளைக் கிட்டக்கிட்டப் பூட்டியிருந்தார்கள், இடைவெளி 18 சென்டிமீட்டர். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. ஐரோப்பியத் தரவிதியில் சுமார் 9 சென்டிமீட்டரிலிருந்து 23 வரையிலான இடைவெளி ஆகாது என்றே இருக்கிறது. காலை உள்ளே விட்டால் உடம்பு முழுக்க நுழைந்துவிடும், தலை மட்டும் நுழையாது, கால் தரையில் எட்டாமல் கழுத்தில் தொங்கும் பிள்ளை. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

அன்றோடு கிளாம்ப் போயிற்று. இப்போது தூணில் 30 சென்டிமீட்டருக்கு ஒரு இடத்தில்தான் ஓட்டை போடுகிறேன், கம்பியின் தடிமன் போக இடைவெளி 26-க்கு மேல் நிற்கும். தடுப்புக் கம்பிகள் 12 சென்டிமீட்டருக்கு ஒன்று, நடுவில் 9-கூடக் கிடைக்காது. அதைப் பட்டறையிலேயே வெல்டிங் வைத்து ஒரே பலகமாக அனுப்பிவிடுகிறேன். சின்னதுகள் ஏற, இடைவெளியே இல்லாமல் மூடிய படி. எப்படி மாற்றிப் பூட்டினாலும் அந்த ஆபத்தான அளவு வரவே வராது. வாங்குகிறவர்கள் "இன்னும் நாலு ஓட்டை போட்டுக் கொடுத்தால் என்ன" என்பார்கள். மாட்டேன்.

சாமான் குறைவாக இருந்தால் அலுத்துப்போகும் என்றும் சொல்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக் கலைஞர் 1947 தொடங்கி 700-க்கு மேற்பட்ட விளையாட்டு இடங்களை வடிவமைத்தார். மணல்தொட்டி, தாவுகிற கல், குட்டிக்கரணக் கம்பி, பைப் கூரை என்று திரும்பத் திரும்ப அதே சாமான்தான், இடத்துக்கு இடம் வைத்த விதம் வேறு.

கழற்றி மாற்றுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் போடுவது நைலாக் நட்டு, உள்ளே நைலான் வளையம் இருக்கும், கழற்றி மாட்ட மாட்ட அதன் பிடி தளரும். மாற்றும்போது புது நட்டு போடுங்கள், விலை அதிகமில்லை. நான் உபரியாக ஒரு நட்டுகூட வைத்து அனுப்புவதில்லை, எண்ணித்தான் அனுப்புவேன். கஞ்சத்தனம் என்று நினைப்பவர்கள் உண்டு. போன வாரம் ஒரு பள்ளியிலிருந்து போன், "சார், எல்லாம் பூட்டியாச்சு, ரெண்டு நட்டு மிச்சம் இருக்கு." யாரையும் ஏறவிடாமல் மேல்தட்டுக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொன்னேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை, அப்புறம், "ஆமா சார், ரெண்டு போல்ட் சும்மா நிக்குது."