புதிய மடிக்கணினி: முதல் வாரம்

நேயர்களுக்கு வணக்கம். பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு மடிக்கணினி வாங்குவது இப்போது பல வீடுகளில் புத்தகம் வாங்குவது போலவே அவசியமாகிவிட்டது. 2011-இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, எத்தனையோ குடும்பங்களில் அதுதான் முதல் கணினி. இன்றைக்கும் சீட்டுப் பணம் எடுத்து, நகையை அடகு வைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கணினி தெரிந்தவர் யாரும் இல்லாத அந்த வீடுகளை மனதில் வைத்துத்தான் பேசுகிறேன்.

பெட்டியைப் பிரித்ததும், "முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜ் போடணும்" என்று யாராவது சொல்வார்கள். அது பழைய நிக்கல் பேட்டரி காலத்துப் பழக்கம். இப்போது வருபவை லித்தியம் அயான் பேட்டரிகள். சார்ஜரைச் சொருகிவிட்டு உடனே வேலையைத் தொடங்கலாம். இந்த பேட்டரிக்கு ஆகாதது சூடு. மெத்தைமேல் வைத்தால் அடியில் உள்ள காற்றுத் துளைகள் அடைபட்டுவிடும். மேசையில் வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு பலகை போதும். நாள் முழுக்கச் சார்ஜரிலேயே வைத்து வேலை செய்கிறவர்கள், சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி அமைக்க முடியுமா என்று பாருங்கள். பல மடிக்கணினிகளில் அந்த வசதி இருக்கிறது.

அப்புறம், கணக்கு தொடங்குவது. "எல்லாத்தையும் நாங்களே போட்டுத் தர்றோம்" என்று கடையில் சொல்வார்கள். தயவுசெய்து அதை வீட்டில் நீங்களே செய்யுங்கள். மடிக்கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான விண்டோஸ் 11 முதலில் ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கேட்கும். அங்கே கடையின் மின்னஞ்சலைக் கொடுத்து வேலையை முடித்துவிடுகிற இடங்களும் உண்டு. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் உள்ளே சேமிப்பதெல்லாம் பூட்டியே வைக்கப்படும். அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி, முதலில் கொடுத்த அந்தக் கணக்கில்தான் போய்ச் சேரும். பின்னால் என்றைக்காவது பழுது பார்த்த பிறகு நீலத் திரையில் அந்த எண்ணைக் கேட்டால், கடைக்காரரின் மின்னஞ்சலைத் தேடி எங்கே போவது? பிள்ளையின் மின்னஞ்சல், உங்கள் தொலைபேசி எண், நீங்களே வைத்த கடவுச்சொல் என்று தொடங்குங்கள். அந்த 48 இலக்கத்தையும் ஒரு நோட்டில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள்.

அன்றைக்கே விண்டோஸ் அப்டேட்டையும் ஓட விடுங்கள். வைரஸ் தடுப்பு விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. கூடவே போட்டுத் தரப்படும் வேறொரு மென்பொருள், ஒரு மாதம் கழித்து "ஆபத்து, பணம் கட்டுங்கள்" என்று சிவப்பாகக் காட்டினால் பயந்து கட்ட வேண்டாம்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

நம் பிள்ளைகள் கைபேசியில் வளர்ந்தவர்கள். இரண்டு கட்டைவிரலால் தட்டுவார்கள், தமிழையும் ஆங்கில எழுத்தில்தான் எழுதுவார்கள். மடிக்கணினி வந்ததும் அதையும் பெரிய திரை உள்ள கைபேசியாகவே வைத்துக்கொண்டு படம் பார்ப்பார்கள். பார்க்கட்டும், அதில் தவறில்லை. ஆனால் இந்தக் கருவியில் விலைமதிப்பானது அதன் விசைப்பலகை. பத்து விரலாலும், தமிழில், முதல் வாரத்திலேயே தட்டப் பழகிவிட வேண்டும் என்பது என் ஆசை.

செட்டிங்ஸில் மொழிகள் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேருங்கள். அதற்குள் விசைப்பலகை வகைகளில் தமிழ்99 என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் விசையையும் நீளமான ஸ்பேஸ் விசையையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறிவிடும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு இது.

இதன் அழகைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நடு வரிசையில் இடக்கை விரல்களுக்கு அ, இ, உ. இந்த மூன்று குறிலுக்கும் மேல் வரிசையில் அதனதன் நெடில்: ஆ, ஈ, ஊ. வலக்கைக்கு அதே நடு வரிசையில் க, ப, ம, த, ந. விசைப்பலகையைத் தடவிப் பாருங்கள், இரண்டு விசைகளில் மட்டும் சின்ன மேடு தட்டுப்படும். ஆள்காட்டி விரல்கள் இரண்டும் இருக்க வேண்டிய இடம் அது. இடது மேட்டில்தான் நம் புள்ளி இருக்கிறது. இத்தனை மெய்யெழுத்து உள்ள மொழிக்குப் புள்ளியை விரலடியிலேயே வைத்தவர்களைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

பல இடங்களில் அந்தப் புள்ளியைக்கூட நாம் தட்ட வேண்டியதில்லை. அ, ம, ம, ஆ என்று நான்கு விசை தட்டினால் "அம்மா" வந்துவிடும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதன்மேல் புள்ளி தானாக விழும். ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச வந்தாலும் அப்படித்தான்.

ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழில் மாறிவிடுமே, இது எதற்கு என்று கேட்பீர்கள். அவசரத்துக்கு அது உதவும். ஆனால் அதில் ஒவ்வொரு சொல்லையும் முதலில் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டித்தான் தமிழுக்கு வர வேண்டியிருக்கிறது. வீட்டில் எட்டு வயதுக் குழந்தை இருந்து அதுவும் பழகுவதாக இருந்தால், அதற்கு அந்தச் சுற்றுவழி எதற்கு? உயிரும் மெய்யும் தெரிந்தால் தமிழ்99-க்குப் போதும். தட்டச்சுப் பயிலகத்தில் பழைய தமிழ்த் தட்டச்சு படித்துத் தேறியவர்கள் மட்டும் மாற வேண்டாம். அந்த அமைப்புக்கும் இலவச மென்பொருள்கள் உண்டு.

இன்னொன்று, யூனிகோடில், அதாவது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில் தட்டுங்கள். தமிழ்99-ஐ மேலே சொன்னபடி சேர்த்தால் தானாகவே யூனிகோடுதான். பழைய எழுத்துருக்களில் அடித்த பக்கம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் குறிகளாகச் சிதறித் தெரியும்.

சரி, எதைத் தட்டிப் பழகுவது? பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் வத்தக்குழம்பு வைக்கும் முறையைச் சொல்லச் சொல்லி எழுதுங்கள். குடும்பத்தில் யார் யாருக்கு என்ன உறவு, யார் எந்த ஊர் என்று எழுதுங்கள். தினம் அரைமணி நேரம், விசையைப் பார்க்காமல். முதல் இரண்டு மூன்று நாள் எரிச்சல் வரும், மெதுவாகத்தான் போகும். வேகத்தை விடுங்கள், சரியான விரலில் தட்டினால் போதும்.

எழுதியதை ஓரிடத்தில் மட்டும் வைக்காதீர்கள். இணையத்தில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் கூகுள் டிரைவில் 15 ஜிபி வரை இலவசம். இணையம் சரியாகக் கிடைக்காத ஊர் என்றால் வாரம் ஒருமுறை பென் டிரைவில் பிரதி எடுத்து, மடிக்கணினிப் பையில் போடாமல் வேறோர் இடத்தில் வையுங்கள். பை தொலைந்தால் இரண்டும் சேர்ந்து போய்விடக் கூடாது. கடைசி ஆண்டு புராஜெக்ட் எழுதும் பிள்ளைகள் வாரம் வரைக்கும் காத்திருக்காமல் அன்றன்றைக்கே பிரதி எடுத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.