எட்டாக மடித்த சீட்டு

பேச்சைத் தொடங்கும் முன் உங்களிடம் ஒன்று கேட்டேன். பெயர் வேண்டாம், சந்தேகத்தை மட்டும் எழுதிப் பெட்டியில் போடுங்கள் என்றேன். அதில் ஒரு சீட்டை மட்டும் எட்டாக மடித்துத் தபால்தலை அளவுக்கு ஆக்கியிருக்கிறார்கள். பிரித்தேன். ‘பாதுகாப்பில்லாமல் உறவு நடந்துவிட்டது. மறுநாளே எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தேன். நெகட்டிவ். இனி பயமில்லையே?’

எழுதியவரை நான் தேடப் போவதில்லை. நீங்களும் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்காதீர்கள்.

மறுநாள் எடுத்த டெஸ்ட் அந்த உறவைப் பற்றி எதுவும் சொல்லாது. கிருமி உள்ளே வந்தாலும், அதை எதிர்த்து உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்க வாரக்கணக்கில் ஆகும். விரல் நுனியில் குத்திச் செய்யும் பரிசோதனைகள் பெரும்பாலும் தேடுவது அந்த எதிர்ப்பொருளைத்தான். அது தென்பட 90 நாள் வரைகூட ஆகலாம். நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து, கிருமியின் புரதத்தையும் சேர்த்துத் தேடும் ஆய்வகப் பரிசோதனை 18 முதல் 45 நாட்களுக்குள் காட்டிவிடும். இந்த இடைவெளிக்குத்தான் ‘விண்டோ பீரியட்’ என்று பெயர்.

எனக்கு வருத்தம் வேறு. அவர் சரியான நாளில்தான் ஓடியிருக்கிறார். போய்க் கேட்டதுதான் மாறிப்போயிற்று. அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டியது ‘பெப்’ மருந்து. 72 மணி நேரத்துக்குள், அதிலும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட்டால், கிருமி உடம்பில் வேரூன்றாமல் தடுக்க நல்ல வாய்ப்பு உண்டு. 72 மணி தாண்டிவிட்டால் பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள்.

இது ஏன் அவருக்குத் தெரியவில்லை? நாம் கற்றுக்கொடுத்தது பயத்தை மட்டும்தான். 1987இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் எய்ட்ஸ் பற்றி ஒரு விளம்பரம் வந்தது: கறுப்பு அங்கி போட்ட மரணம் பந்தை உருட்டுகிறது, வரிசையாக நிற்கும் மனிதர்கள் சரிந்து விழுகிறார்கள். அப்போது கையில் சரியான மருந்தில்லை, பயமுறுத்தினார்கள், சரி. 1996இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்த பிறகும் அதே மண்டை ஓட்டையே காட்டிக்கொண்டிருந்தோமே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்றைக்கு எச்.ஐ.வி. உள்ளவர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, பரிசோதனையில் தென்படாத அளவுக்கு ரத்தத்தில் கிருமியைக் குறைத்து அப்படியே வைத்திருந்தால், உடலுறவு மூலம் அவரிடமிருந்து பரவாது. நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. 2016லும் 2019லும் வெளிவந்த ‘பார்ட்னர்’ ஆய்வுகளில், இப்படி ஆணுறையின்றி வாழ்ந்த நூற்றுக்கணக்கான ஜோடிகளில் துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை.

மற்ற சீட்டுகள். கொசு? பரவாது. சேர்ந்து சாப்பிட்டால்? பரவாது. ஆணுறையைப் பர்ஸில் வைக்கலாமா? இதை எழுதியவருக்கு என் பாராட்டு. மாதக்கணக்கில் வைக்காதீர்கள், சூட்டிலும் உராய்விலும் ரப்பர் நைந்துவிடும். எண்ணெய், வாசலின் தடவினாலும் கிழியும். பாதுகாப்பு கூடும் என்று இரண்டைச் சேர்த்துப் போடவே வேண்டாம். அப்புறம், கொனோரியா, சிஃபிலிஸ் போன்ற மற்ற பால்வினை நோய்களை ‘பெப்’ தடுக்காது. அறிகுறியே காட்டாமலும் அவை இருக்கும், அதனால் அந்தப் பரிசோதனைகளையும் கேட்டு வாங்குங்கள்.

மறுபடி அந்த எட்டு மடிப்புச் சீட்டு. அதில் தேதி இல்லை. 90 நாள் தாண்டியிருந்தால் இன்னொரு டெஸ்ட் போதும். நடுவில் இருந்தால் மருத்துவரிடம் நாள் கணக்கைச் சொல்லுங்கள், அதுவரை ஆணுறை இல்லாமல் வேண்டாம். நேற்று, முந்தாநாள் நடந்தது என்றால் இன்னும் நேரம் இருக்கிறது.

இப்போது பத்து நிமிடம் இடைவேளை விடுகிறேன். எல்லோரும் எழுந்து வெளியே போய் வாருங்கள். ஒருவர் திரும்பி வராவிட்டால், நான் நாற்காலிகளை எண்ணப் போவதில்லை.