ஆறு தாராவுக்கு எத்தனை ஆண்?

[காட்சி: பெட்டைத் தாரா ஒன்றின் பிடரி, மிக அருகில்]

இந்தத் தாராவின், அதாவது வாத்தின், பிடரியைக் கொஞ்சம் பாருங்கள். தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்கு இறகே இல்லை. தோல் சிவந்து, அங்கங்கே பொருக்குத் தட்டியிருக்கிறது. பேனும் இல்லை, சொறியும் இல்லை. ஆண் தாரா இணை சேர ஏறி மிதிக்கும்போது அலகால் கவ்விப் பிடிக்கிற இடம் இது. ஒரு ஆண் கவ்வினால் இறகு கசங்கும், அவ்வளவுதான். மூன்று ஆண் மாறிமாறிக் கவ்வினால் இப்படி ஆகும்.

[காட்சி: தகரக் கூடு, பின்னால் தேயிலை மலை]

எங்கள் வீடு இலங்கை மலைநாட்டில், ராகலைப் பக்கம். தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தியில் லீக்ஸும் கோவாவும் போட்டிருக்கிறோம். நத்தைத் தொல்லை தாங்காமல் ஆறு தாராக் குஞ்சு வாங்கினோம். நத்தை ஒழிந்தது உண்மைதான், கூடவே இளம் நாற்றும் கொஞ்சம் ஒழிந்தது, அது வேறு கதை. விற்றவர் "எல்லாம் பெட்டைதான்" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். வளர்ந்து பார்த்தால் மூன்று ஆண், மூன்று பெட்டை.

அவர் ஏமாற்றினார் என்றும் சொல்ல முடியாது. பொரிக்கிற குஞ்சில் ஆணும் பெட்டையும் ஏறக்குறையச் சரிபாதி. கண்ணை மூடிக்கொண்டு ஆறு குஞ்சை எடுத்தால், ஆணா பெட்டையா என்று அமையக்கூடிய விதம் மொத்தம் 64. அதில் ஆணே இல்லாமலோ, ஒரே ஒரு ஆணோடோ அமைவது 7 விதம்தான். மிச்சம் 57-லும் இரண்டோ அதற்கு மேலோ ஆண் வந்துவிடும். அதனால் ஆண் கூடிப்போவது துரதிர்ஷ்டம் இல்லை, அதுதான் வழக்கம்.

சரி, எத்தனை இருக்கலாம்? காக்கி கேம்பல், இந்தியன் ரன்னர் மாதிரி மெலிந்த முட்டைத் தாராவுக்கு ஒரு ஆணுக்கு ஐந்தாறு பெட்டை. பீக்கிங் மாதிரி உடம்பு கனத்த சாதிக்கு நாலைந்து போதும். மூஞ்சியில் சிவப்புச் சதை கரடுமுரடாக இருக்குமே, மஸ்கோவி, அதற்கும் அதே கணக்குத்தான். ஆனால் மஸ்கோவி ஆண் தன் பெட்டையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை வரும். அதைச் சின்னத் தாராக்களோடு ஒரே கூட்டில் விடாதீர்கள். அந்தக் கலப்பில் குஞ்சு பிறந்தாலும் அது மலட்டுக் குஞ்சு, அதற்கு மேல் வம்சம் கிடையாது.

இதெல்லாம் குஞ்சு வேண்டும் என்பவர்களுக்கு. முட்டை மட்டும் போதும் என்றால் என் பதில் வேறு: ஆணே வேண்டாம்.

இதைச் சொன்னபோது பக்கத்துக் காம்பராப் பெரியம்மா சிரித்தார். "ஆண் இல்லாம எப்புடிடா முட்டை வரும்?" என்றார். "கோழி எப்புடிப் போடுதோ அப்புடித்தான் பெரியம்மா" என்றேன். நம்பவில்லை. பெட்டையின் உடம்பில் முட்டை தானாக உருவாகிறது. ஆண் சேர்ந்தால் அதில் கரு கூடும், சேராவிட்டால் கூடாது. எண்ணிக்கையும் குறையாது, ருசியும் மாறாது. அடை வைத்தால் மட்டும் குஞ்சு வராது.

[காட்சி: பீலித் தண்ணீர் விழும் இடம், பாதியாக வெட்டிய நீலப் பீப்பாய்]

இனி மலைநாட்டுக்கே உரிய ஒரு சங்கதி. குளமும் வயலும் உள்ள ஊரில் தாரா நீந்தியபடியே இணை சேரும். பெட்டையின் மேல் விழுகிற பாரத்தில் பெரும்பகுதியைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். பிடிக்கவில்லை என்றால் அது தப்பி ஓடவும் இடம் உண்டு. நமக்கு ஏது குளம்? சரிவில் வெட்டிய ஒரு துண்டு நிலம், ஒரு பேசின், மிஞ்சிப்போனால் இந்த மாதிரி ஒரு பீப்பாய். தரையில் மிதிக்கும்போது முழுப் பாரமும் பெட்டையின் முதுகிலும் காலிலும் இறங்குகிறது. அதனால்தான் சொல்கிறேன், ஒரே எண்ணிக்கையில் ஆண் இருந்தாலும் குளத்துக்காரர்களைவிட நம் பெட்டைகள் படுகிற பாடு அதிகம்.

அந்தப் பீப்பாயில்தான் எங்களுக்குப் பாடம் கிடைத்தது. ஒரு நாள் காலையில் முகம் கழுவப் போனேன். பெட்டை ஒன்று பீப்பாய்க்குள் இருந்தது. ஒரு ஆண் அதன் பிடரியைக் கவ்வி முதுகில் ஏறியிருந்தது. இரண்டாவது ஆண் அதற்கும் மேலே ஏறப் பார்த்தது. மூன்றாவது விளிம்பில் நின்று கொத்திக்கொண்டிருந்தது. பெட்டையின் தலை தண்ணீருக்கு மேலே தெரியவே இல்லை. வாளியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தூக்கினேன். மூக்கு வழியாகத் தண்ணீர் வந்தது, கழுத்து தொங்கியது. சாக்கில் சுற்றி அடுப்படியில் வைத்த பிறகு, அரை மணி நேரம் கழித்துத்தான் தலையைத் தூக்கியது. தாரா தண்ணீரில் மூழ்கிச் சாகுமா என்று கேட்பவர்களுக்கு: சாகும். மேலே இரண்டு ஆண் இருந்தால் சாகும்.

அந்த அளவுக்குப் போகும் முன்பே அடையாளம் தெரியும். பிடரி வழுக்கை ஒன்று. முதுகில், இறக்கை சேரும் இடத்தில் இறகு உடைந்திருப்பது இன்னொன்று. நொண்டுவது, கண்ணோரம் காயம், கூட்டைவிட்டு வெளியே வரப் பயப்படுவது. தீனிக்குக்கூட வராமல் மூலையில் நிற்கும் பெட்டையைப் பார்த்தால், நோய் என்று மருந்து தேடும் முன் ஆண்களை எண்ணிப் பாருங்கள்.

"சீசன் முடிந்தால் அடங்கிவிடும்" என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். அங்கே பகல் நீளும்போது ஆணுக்கு வேகம் ஏறும், குறையும்போது தணியும். நம் ஊரில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. இங்கே அந்த நாளுக்காகக் காத்திருந்தால் பெட்டைதான் முதலில் போகும்.

[காட்சி: ஒருவர் தாராவை இரு கையாலும் அணைத்துத் தூக்குகிறார்]

ஆணைக் கண்டுபிடிப்பது எப்படி? காதால். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் குரல் உடையும். தாராவை இப்படி உடம்போடு அணைத்துத் தூக்குங்கள், காலைப் பிடிக்கவே வேண்டாம், மெல்லிய கால், சட்டென்று பிசகும். தூக்கியதும் பெட்டை லயமே கேட்கும்படி "குவாக், குவாக்" என்று கத்தும். ஆணுக்குக் கத்த வராது. சளி பிடித்த தாத்தா மாதிரி கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்னும் இரண்டு மாதம் போனால் ஆணின் வாலில் ஓரிரு இறகு மேல்நோக்கிச் சுருளும். ஆனால் இறகு உதிர்க்கும் காலத்தில் அந்தச் சுருளும் விழுந்துவிடும், அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். மஸ்கோவிக்கு இந்தச் சுருள் கிடையாது. அதில் ஆண் 'ஸ்ஸ்' என்று சீறும், பருமனைப் பார்த்தாலே தெரியும்.

ஆகவே என் யோசனை: ஒரு நாள் குஞ்சு வாங்காதீர்கள். விலை கொஞ்சம் கூடினாலும் இரண்டு மாதத் தாராவாக வாங்குங்கள், ஒவ்வொன்றாகத் தூக்கிக் கத்தவிட்டு வாங்குங்கள். விற்பவர் முகத்தைச் சுளிப்பார். சுளிக்கட்டும்.

ஏற்கெனவே கூடிப்போனால்? மூன்று வழி இருக்கிறது. ஆண்களை மட்டும் தனிக் கூட்டில் போடலாம். பெட்டை கண்ணில் படாத இடமாக இருந்தால் பெரும்பாலும் சண்டையில்லாமல் இருக்கும், ஆனால் முட்டை தராத வாய்க்குத் தீனி போட நம்மில் எத்தனை பேரால் முடியும்? இரண்டாவது, வேறு தோட்டத்தில் தாரா வைத்திருப்பவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்வது. எங்களுடையதில் ஒன்று அப்படித்தான் போனது, பதிலுக்கு ஒரு பெட்டை வந்தது. மூன்றாவது சட்டி. இன்னொன்று தீபாவளிக்குக் கறியானது. பெயர் வைத்திருந்ததால் பிள்ளைகள் அன்றைக்குப் பருப்பும் சோறும்தான் சாப்பிட்டார்கள். வளர்க்கும்போதே இதை வீட்டில் பேசிவைப்பது நல்லது.

கூடுதல் ஆணைக் கோழிக் கூட்டில் விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். சேவலுக்கு இல்லாத ஒரு உறுப்பு ஆண் தாராவுக்கு உண்டு, திருகாணி மாதிரிச் சுருண்டது. அது கோழியை மிதித்தால் உள்ளே கிழிந்துவிடும். பெட்டை கிடைக்காத ஆண் தாரா கோழியைத் துரத்தும். கோழியின் அடையில் பொரித்து, கோழியோடே வளர்ந்தது என்றால் இன்னும் கவனம் வேண்டும், அது தன்னைக் கோழி இனம் என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

குஞ்சு எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காக்கி கேம்பல் பெட்டை அடை உட்காருவது அபூர்வம், அதனால் நம் ஆட்கள் அடைக்கோழியில் வைப்பார்கள். கோழி முட்டைக்கு 21 நாள், தாரா முட்டைக்கு 28 நாள், மஸ்கோவிக்கு 35. இருபத்தொன்று முடிந்ததும் "கூழ்முட்டை" என்று வீசிவிடாதீர்கள். புதிய ஆணை விட்டால் இரண்டு வாரம் கழித்து அடைக்கு முட்டை சேருங்கள், பழைய ஆணின் விந்து பெட்டையின் உடம்பில் ஒரு வாரத்துக்கு மேலும் தங்கியிருக்கும். கூட்டில் பிறந்த பெட்டைகளை அதே தகப்பனோடு விடாமல், அடுத்த தோட்டத்துக்காரரோடு ஆணை மாற்றிக்கொள்ளுங்கள்.

[காட்சி: மீண்டும் அதே பிடரி]

இப்போது எங்களிடம் நாலு பெட்டை, ஒரு ஆண். கணக்குப்படி ஒன்றிரண்டு பெட்டை குறைவுதான், அதனால் இரவில் ஆணைக் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அடைக்கிறோம். காலையில் முட்டை எடுத்த பிறகுதான் சேர்த்து விடுவது. இது அந்தப் பெட்டைதான், ஐந்து வாரம் கழித்து எடுத்தது. இதோ, தோலில் ஊசி ஊசியாகக் கறுப்பாகத் தெரிகிறதே, புது இறகு முளைக்கிறது.